தைப் பொங்கல் முடிஞ்சதும் திராட்சை நாட்டுக்குக் கேரவன்: கோவையிலிருந்து நாசிக் வரை வழி, நிறுத்தம், கரண்ட், தண்ணி

நொய்யல்கரை:
வணக்கமுங்க. கோவையிலிருந்து கிளம்பி கர்நாடகத்து நந்தி மலை, ஹம்பி, மகாராஷ்டிரத்து அக்லூஜ், நாசிக்னு ஒயின் திராட்சை விளையற ஊர்களை அவசரமில்லாம சுத்தி வரணும். வண்டி பெரிய டீசல் வேன், கரூர்ல உள்கட்டு வேலை நடந்துக்கிட்டிருக்கு. ஆள் நாலு பேர், அதுல ரெண்டு பேர் அறுபதைத் தாண்டினவங்க. எந்த மாசம் போறது, எந்த வழி, ராத்திரி எங்க நிறுத்தறது, கரண்டுக்கும் தண்ணிக்கும் என்ன ஏற்பாடு? வாங்கற பாட்டிலை ஊருக்குக் கொண்டு வரலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாதம்பட்டிப் பந்தல்:
மாசத்தை முடிவு பண்ணிட்டா பாதி வழி தானா முடிவாயிரும்ங்க. தொண்டாமுத்தூர், கம்பம் பன்னீர் திராட்சைக் கணக்கை அங்க போடாதீங்க. நமக்கு வருசத்துல ஒண்ணுக்கு மேல வெள்ளாமை வரும். நாசிக்லயும் அக்லூஜ்லயும் ரெண்டு கவாத்து (கொடியை வெட்டி விடறது), ஒரே பறிப்பு. ஏப்ரல் கவாத்து கொடியைத் தேத்தறதுக்கு, செப்டம்பர் அக்டோபர் கவாத்து காய்க்கு. பறிப்பு ஜனவரியில ஆரம்பிச்சு மார்ச்ல முடியும். நந்தி மலைப் பக்கம் கொஞ்சம் பிந்தும்.

அதனால போகும்போது நேரா வடக்கே ஏறிருங்க. ஜனவரி கடைசியில நாசிக்கைப் பிடிச்சு, அங்கிருந்து தெக்கே இறங்கிக்கிட்டே வந்தா ஒவ்வொரு ஊர்லயும் பறிப்பு நடக்கறதைப் பார்க்கலாம். எல்லாரும் நந்தி மலையில ஆரம்பிச்சு நாசிக்ல முடிக்கறாங்க. மார்ச் பாதியில நாசிக் போனா பெரும்பாலான கொடி வெறுமையாத்தான் நிக்கும்.

தோட்டத்துக்குள்ள எதைப் பார்க்கணும்னும் சொல்லிர்றேன். நம்ம ஊர் மாதிரி தலைக்கு மேல பந்தல் இருக்காது. நட்டுக்குத்தா கம்பி கட்டி, தழையை மேலாப்புல ஏத்தி, குலையை முட்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேல விட்டிருப்பாங்க. ஒயின் பழம் சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெருசு, தோல் தடிப்பு, கொட்டை உண்டு. தின்னு பார்க்கச் சொன்னா கொட்டையைக் கடிச்சுப் பாருங்க. பச்சையா, மெதுவா இருந்தா இன்னும் நாளாகும். பழுப்பா மாறி நறுக்குனு உடைஞ்சா பறிக்கற பக்குவம். சர்க்கரை 22-லிருந்து 24 பிரிக்ஸ் (சாறுல இருக்கற சர்க்கரை அளவு) வரைக்கும் விடுவாங்க. பிரிக்ஸை 0.55-ஆல பெருக்கினா ஒயின்ல வரப்போற ஆல்கஹால் சதவீதம் ஏறக்குறைய வந்துரும்.

கேக்காம கொடியில கை வைக்காதீங்க. மருந்தடிச்சு எத்தனை நாளாச்சுன்னு தோட்டக்காரருக்குத்தான் தெரியும். இலையில நீலமா படிஞ்சிருந்தா அது போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து. இன்னொண்ணு, குச்சி கேட்டு வாங்கிட்டு வந்து நம்ம ஊர்ல நடலாம்னு யாரும் ஆசைப்படாதீங்க. குச்சியோட மாவுப்பூச்சியும் சேர்ந்து வரும்.

ஆசனூர் ஓட்டம்:
வழி சொல்றேன். ஏறும்போது அவிநாசி, பவானி, சேலம், தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். பெங்களூர் ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். அத்திபெலேயில பிரிஞ்சு ஒசகோட்டை போயிருங்க. அங்கிருந்து தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், தாபஸ்பேட்டைன்னு புது ரிங் ரோடு 48-ஆம் நெடுஞ்சாலையில கொண்டுபோய் விட்டுரும். அப்புறம் தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே. புனேயிலிருந்து நாராயண்காவ், சங்கம்னேர், சின்னர் வழியா நாசிக். மொத்தம் சுமார் 1,400 கிலோமீட்டர். கேரவனை 60, 70-ல ஓட்டி, ஒரு நாளைக்கு 250-க்கு மேல வைக்காதீங்க. புனே தாண்டினதும் வர்ற சாக்கன்ல தொழிற்சாலை ஷிஃப்ட் மாறற நேரத்துல மாட்டினா ரெண்டு மணி நேரம் போச்சு. காலையில 7-க்கு முன்னாடி கடந்துருங்க.

இறங்கும்போது நாசிக், புனே, இந்தாபூர், அக்லூஜ், சோலாப்பூர், விஜயபுரா, இல்கல், குஷ்டகி, ஹொசப்பேட்டை, சித்ரதுர்கா, தும்கூர், தொட்டபள்ளாபுரம். இந்தாபூர், அக்லூஜ், சோலாப்பூர் ஓட்டத்தைப் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருங்க. பிப்ரவரியில அங்க கரும்பு அரவை. ரெண்டு ட்ரெய்லர் மாட்டின டிராக்டர் பின்னாடி லைட்டே இல்லாம ரோட்ல நிக்கும். வெளிய நீட்டிக்கிட்டிருக்கற கரும்பு இருட்டுல கண்ணாடிக்கு நேரா வரும்.

கடைசியில வீட்டுக்கு வர ரெண்டு வழி. ஒண்ணு தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் வரும்போது அது இறக்கம், விபத்தெல்லாம் நடக்கறது அந்தப் பக்கம்தான். மூணாவது கியர்ல போட்டு எஞ்சின் பிடியில இறக்குங்க. நியூட்ரல் கூடவே கூடாது. மூணரை டன்னுக்கு மேல இருக்கற வண்டியை பிரேக்லயே பிடிச்சு இறக்கினா பேடு காய்ஞ்சு, பிரேக் ஆயில் கொதிச்சு, மிதி கீழ வரைக்கும் போயும் வண்டி நிக்காது. இன்னொண்ணு சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி. 27 கொண்டை ஊசி. பின்பக்கம் நீட்டி உடம்பு கட்டின வண்டின்னா வளைவுல வால் அகலமா வீசும். எதிர்ல லாரி திரும்பினா அசைய முடியாது. ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் வழி மூடியிருக்கும். அந்த வழியில இருக்கற காரப்பள்ளம் யானைகள் கரும்பு லாரிக்குப் பழகினது, பழக்கூடையை வெளிக் கேரியர்ல கட்டிக்கிட்டு வராதீங்க. பெரியவங்க இருக்கறதால நான் தொப்பூரைத்தான் சொல்வேன்.

கரூர் உள்கட்டு:
வேலை இன்னும் முடியலைங்கறதால இதைச் சொல்றேன்.

எடைதான் முதல் விஷயம். 12 மில்லி ப்ளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு 22-லிருந்து 25 கிலோ வரும். அலமாரிக்குப் பத்து ஷீட் போட்டாலே கால் டன் போச்சு. கதவுக்கும் தடுப்புக்கும் 6 மில்லி போதும், கட்டிலுக்கு மட்டும் 12. கிரானைட் மேடை கேக்கறவங்க இருக்காங்க, வேண்டவே வேண்டாம். 100 லிட்டர் தண்ணி 100 கிலோ. பேட்டரி, ஃபிரிட்ஜ், தண்ணி டேங்க் மூணையும் ஒரே பக்கம் வெச்சா வண்டி சாயும், அந்தப் பக்கத்து டயர் ஓரம் சீக்கிரம் தேயும். வேலை முடிஞ்சதும் டேங்க் நிரப்பி, ஆளும் ஏறி, எடை மேடைக்குக் கொண்டு போங்க. முழு வண்டி ஒரு தடவை, முன் அச்சு மட்டும் ஒரு தடவை, பின் அச்சு மட்டும் ஒரு தடவை. ஆர்.சி.யில இருக்கற மொத்த எடையைத் தாண்டினா சாமானைக் குறைங்க. ஸ்பிரிங் பட்டை கூட்டிச் சமாளிக்கற வேலை வேண்டாம்.

காகிதம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில மாத்தத்தை ஏத்தணும். கேரவனுக்குன்னு தனித் தரம் ஏ.ஐ.எஸ். 124. உள்கட்டு செய்யறவர் அதைப் பத்திக் கேட்டா முழிக்கறார்னா வேற இடம் பாருங்க. ஆர்.சி.யில ஒண்ணு, வண்டிக்குள்ள வேற ஒண்ணுன்னா விபத்துல இன்சூரன்ஸ்காரர் கையை விரிச்சிருவார். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். ஃபாஸ்டேக் வகையும் ஆர்.சி.யோட ஒத்துப்போகணும்.

உயரத்தை அளந்து டேஷ்போர்டுல ஒட்டி வைங்க. கூரையில ஏ.சி.யோ சோலாரோ வெச்சா மூணு மீட்டர் வந்துரும். ரயில்வே கீழ்ப்பாலத்து இரும்புக் கம்பியும், தோட்டப் பாதையில தொங்கற மின்கம்பியும் அதே உயரத்துலதான் இருக்கும்.

கேஸ்: 5 கிலோ சிலிண்டரை நிமிர்ந்த வாக்குல, தனிப் பெட்டிக்குள்ள, அடியில வெளிப்பக்கம் ஓட்டை விட்டு வைங்க. எல்.பி.ஜி. காத்தை விடக் கனம், தரையோட படியும். அதனால அலாரமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல. ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்கணும். நாள் பூரா குலுங்கற வண்டியில மேட்டுப்பகுதி இறங்கினதும் சோப்பு நுரை வெச்சு ஜாயின்ட்டைப் பாருங்க.

பீளமேடு வயரிங்:
கரண்டுல தப்பு நடக்கறது எப்பவும் கணக்குப் போடாததாலதான். ஒரு நாள் செலவைப் போட்டுப் பார்ப்போம்.

50 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ், ஓடும்போது 45 வாட். வெயில்ல பாதி நேரம் ஓடும்னு வெச்சா நாளைக்கு 540 வாட்-அவர். கரண்ட் குறைவா இழுக்கற பி.எல்.டி.சி. ஃபேன் ரெண்டு, தலா 18 வாட், பத்து மணி நேரம், 360. லைட், பம்ப், போன் சார்ஜ் 150. ஆக ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. 12.8 வோல்ட் 200 ஆம்ப்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில ரெண்டரை யூனிட் இருக்கு. சோலார் இல்லாமலே ரெண்டு ராத்திரி தாங்கும். கூரையில 400 வாட் சோலார் போட்டா பிப்ரவரி வெயில்ல நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாது. நிழல்ல நிறுத்தினா அது கிடைக்காது. புளியமரத்தடி உடம்புக்குக் குளிர்ச்சி, பேனலுக்குப் பட்டினி.

எஞ்சினோட சுத்திக் கரண்ட் உண்டாக்கற ஆல்டர்னேட்டர்லருந்து நேரா பேட்டரிக்கு வயர் இழுக்காதீங்க. லித்தியம் காலியா இருக்கும்போது உறிஞ்சற வேகத்துல ஆல்டர்னேட்டர் கருகும். நடுவுல கரண்டை அளவோட விடற 30 ஆம்ப் டி.சி.-டி.சி. சார்ஜர் வைங்க. மூணு மணி நேர ஓட்டத்துல 90 ஆம்ப்-அவர் ஏறும்.

ஏ.சி. வேற கணக்கு. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரி 600 வாட்னு வெச்சாலும் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 375 ஆம்ப்-அவர் அதுக்கு மட்டும் வேணும். வெளிக் கரண்ட் கிடைச்சாத்தான் ஏ.சி.ன்னு முடிவு பண்ணிருங்க.

வெளிக் கரண்டுக்கு 16 ஆம்ப் பிளக், 2.5 சதுர மில்லி மூணு கோர் கேபிள் 25 மீட்டர், வண்டிக்குள்ள கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. கேபிளை உருளையில சுத்தி வெச்சபடியே ஏ.சி. ஓட்டினா சுருள் நடுவுல சூடேறி இன்சுலேஷன் உருகும், முழுசா விரிச்சிருங்க. சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல மூணு அளவு: லைன்-நியூட்ரல், லைன்-எர்த், நியூட்ரல்-எர்த். முதல் ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும், மூணாவது 5 வோல்ட்டுக்குள்ள. லைன்-எர்த் ரொம்பக் குறைவா வந்தா அந்த சாக்கெட்ல எர்த்தே இல்லைன்னு அர்த்தம். டயர் மேல நிக்கற இரும்புப் பாடி அது, ஈரக் காலோட படியில ஏறறவங்களுக்கு அடிக்கும். சொருகாதீங்க. தோட்டத்து லைன்ல மோட்டார் ஓடும்போது 180 வோல்ட்டுக்குக் கீழ இறங்கும், வோல்டேஜ் கட்-ஆஃப் ஒண்ணு கட்டாயம்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்ணா. அம்மாவுக்குப் புழுக்கம் ஆகாது. வெளிக் கரண்ட் கிடைக்காத ராத்திரி எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போடலாமா? இல்ல சின்ன ஜெனரேட்டர்?

பீளமேடு வயரிங்:
ரெண்டுமே வேண்டாம். 2024 டிசம்பர்ல கேரளாவில வடகரையில நிறுத்தியிருந்த கேரவனுக்குள்ள தூங்கின ரெண்டு பேர் இறந்தாங்க. ஜெனரேட்டர் புகையோட கார்பன் மோனாக்சைடு உள்ள வந்ததுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே முடிஞ்சுரும். தலைமாட்டு உயரத்துல பேட்டரியில ஓடற சி.ஓ. அலாரம் ஒண்ணு எப்படியும் மாட்டுங்க. எஞ்சினுக்கும் கெடுதல்தான். பி.எஸ். 6 டீசலை ராத்திரி பூரா ஐடில்ல விட்டா புகை வடிகட்டியில கரி அடைச்சு, எச்சரிக்கை லைட் எரிஞ்சு, வண்டி இழுவை குறையும்.

சென்னிமலைத் தறி:
ஏ.சி. பத்தி இவ்வளவு கவலையே வேண்டாம் கண்ணு. ஜனவரி, பிப்ரவரியில நாசிக் ராத்திரி 10, 12 டிகிரிக்கு இறங்கும். அம்மாவுக்குத் தேவை ஏ.சி. இல்ல, ஆளுக்கு ரெண்டு சென்னிமலைப் போர்வையும் காதுக்கு மஃப்ளரும். தரைக்குப் பவானி ஜமக்காளம் விரிச்சிருங்க, இரும்புத் தரைச் சில்லு கால்ல ஏறாது. சோலாப்பூருக்குத் தெக்கே வந்ததும்தான் ஃபேனே வேணும்.

தண்ணி ஆளுக்கு நாளைக்கு 15-லிருந்து 20 லிட்டர், வாளிக் குளியலோட. நாலு பேருக்கு 100 லிட்டர் டேங்க் ஏறக்குறைய ஒன்றரை நாள்தான் வரும். அதனால நிரப்பற இடத்தை முன்னாடியே குறிச்சு வெச்சுக்கோணும். விஜயபுரா, சோலாப்பூர் பக்கம் போர் தண்ணி உப்பு. சிறுவாணி குடிச்ச வாய்க்கு டீயே வேற மாதிரி இருக்கும். குடிக்கறதுக்கு 20 லிட்டர் கேன் தனியா வாங்கிக்கங்க. டேங்க் வாயில மண் வடிகட்டி இல்லாம ஹோஸ் சொருகாதீங்க, பம்ப் டயாஃப்ரம்ல மண்ணு போனா அழுத்தம் வராம டக்டக்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும்.

கழிப்பறைக் கேசட் (கழட்டி எடுக்கற கழிவுப் பெட்டி) 20 லிட்டர், நாலு பேருக்கு ரெண்டு நாள்கூடத் தாங்காது. பகல்ல பங்க்லயும் ஓட்டல்லயும் போயிட்டு, கேசட்டை ராத்திரிக்கும் பெரியவங்களுக்கும் மட்டும் வெச்சுக்கங்க. காலி பண்றது செப்டிக் டேங்க் இருக்கற இடத்துல, கேட்டுட்டுத்தான். ஃபார்மலின் கலந்த மருந்து ஊத்தினா அவங்க செப்டிக் டேங்க் பாக்டீரியா சாகும், என்சைம் வகை வாங்குங்க. பாத்திரம் கழுவின தண்ணியைக் கொடி வரிசைக்குள்ள விடவே கூடாது.

பல்லடம் சாலை:
ஒயின் தோட்டத்துல சுவை பார்க்கறதுன்னா ஆறு கோப்பையில ரெண்டு ரெண்டு மடக்குத்தானே? அதுக்கப்புறம் அடுத்த தோட்டத்துக்கு 20 கிலோமீட்டர் ஓட்டறதுல என்ன இருக்கு? ஒரு நாளைக்கு மூணு தோட்டம் முடிச்சுரலாமே.

தொட்டபள்ளாபுரத்திலிருந்து:
கணக்குப் போட்டுப் பார்ப்போம் வாங்க. ஆறு ஒயின், தலா 30 மில்லி, 180 மில்லி. 13 சதவீதம்னா சுத்த ஆல்கஹால் 23 மில்லி, எடையில 18 கிராம். 70 கிலோ ஆளுக்கு அது ரத்தத்துல 100 மில்லிக்கு 38 மில்லிகிராம் வரைக்கும் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு எல்லை 30. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 தான் கரைக்கும். பொம்பளைகளுக்கும் எடை குறைஞ்சவங்களுக்கும் இன்னும் மேல போகும். மூணு தோட்டம்னா கேக்கவே வேண்டாம்.

கேரவன்ல போறதோட அர்த்தமே இங்கதான் இருக்கு. மத்தியானம் 3 மணிக்கு வந்து சேருங்க, வண்டியைச் சமதளத்துல நிறுத்துங்க, வண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்து வெச்சுருங்க, அப்புறம் தோட்டம், அப்புறம் சுவை. காலையில சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. ஒரு நாளைக்கு ஒரு தோட்டம், அதுக்கு மேல நாக்கும் ஒத்துழைக்காது. ஓட்டறவர் சுவை பார்த்தே ஆகணும்னா துப்பற பாத்திரத்தைக் கேளுங்க, எல்லா இடத்துலயும் வெச்சிருப்பாங்க. வாயில சுழட்டித் துப்பறது அங்க மரியாதைக் குறைவே இல்லை, வேலை தெரிஞ்சவங்க அப்படித்தான் செய்வாங்க.

குடிக்கற வரிசை: வெள்ளை முன்னாடி, சிவப்பு பின்னாடி, இனிப்பு கடைசி. மாத்திக் குடிச்சா துவர்ப்பு நாக்குல நின்னு வெள்ளை ஒயின் தண்ணியாத் தெரியும்.

எங்க போறது: நாசிக்ல கங்காபூர் அணைப் பக்கம் சூலா, யார்க், சோமா மூணும் பக்கத்துப் பக்கத்துல. சூலா 1999-ல ஆரம்பிச்சது, சனி, ஞாயிறு கூட்டம் நெரியும், செவ்வாய், புதன்ல போங்க. அதே அணைப் பக்கம் மகாராஷ்டிர சுற்றுலாக் கழகத்தோட கிரேப் பார்க் தங்குமிடம் இருக்கு, கேரவன் நிறுத்தக் கேட்டுப் பாருங்க. இகத்புரி பக்கம் வலோன். அக்லூஜ்ல ஃபிராத்தெல்லி. ஹம்பி மலைப் பக்கம் கரிஸ்மா, சின்னத் தோட்டம், முன்கூட்டிச் சொல்லாம போகாதீங்க. தொட்டபள்ளாபுரத்துல குரோவர், 1988-லிருந்து, தென்னிந்திய ஒயினுக்கு வேர் அதுதான். நந்தி மலை உச்சிக்குக் கேரவனை ஏத்தாதீங்க, அடிவாரத்துல விட்டுட்டுப் போங்க.

நொய்யல்கரை:
பாட்டில் விஷயம் யாரும் சொல்லலையேங்க?

தொட்டபள்ளாபுரத்திலிருந்து:
வெளிமாநில மதுவை அனுமதியில்லாம தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வர்றது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி குற்றம், பாட்டிலோட வண்டியும் பறிமுதல் ஆகலாம். அத்தனை லட்சம் போட்டுக் கட்டின கேரவனை ரெண்டு பாட்டிலுக்காகப் பணயம் வைக்காதீங்க. ஓசூர், பண்ணாரி ரெண்டு பக்கமும் சோதனை உண்டு. மகாராஷ்டிரத்துல வாங்கினதை அங்கயே, கர்நாடகத்துல வாங்கினதை அங்கயே முடிச்சிருங்க.

திறக்காத பாட்டிலைக் கூட வண்டிக்குள்ள சும்மா வைக்காதீங்க. மூடி நிறுத்தின வேன் மத்தியான வெயில்ல 50 டிகிரி தாண்டும். 30-க்கு மேல போனாலே ஒயின் கெட ஆரம்பிக்கும், கார்க் மேல தள்ளிக்கிட்டு ஓரத்துல கசியும், வாசனை வெந்த பழம் மாதிரி ஆயிரும்.

சென்னிமலைத் தறி:
சாப்பாட்டையும் சொல்லிர்றேன். நம்ம காரத்துக்குத் துவர்ப்பான சிவப்பு ஒயின் ஒத்துக்காது, மிளகாய் எரிச்சலைத் தூக்கிக் காட்டும். பள்ளிபாளையம் சிக்கன் வண்டியில செஞ்சா பக்கத்துல லேசா இனிப்புள்ள செனின் பிளாங்க் வெள்ளை ஒயினை நல்லா குளிர வெச்சு. அரிசிம்பருப்புச் சாதத்துக்கும் அதுவேதான். ஷிராஸ் சிவப்பு ஒயின் வேணும்னா காரம் குறைச்சு மிளகு தூக்கலா ஆட்டுக்கறி வறுவல். குடிக்காதவங்களுக்குத் தோட்டத்துலயே திராட்சை ஜூஸ் கேளுங்க.

கரூர் உள்கட்டு:
ஒயின் தோட்டத்துக்குப் போன் பண்ணும்போது கேட்க வேண்டியது: வாசல்ல உயரம், அகலம் எவ்வளவு, நிறுத்தற இடம் சரளையா கரிசலா, 16 ஆம்ப் சாக்கெட் எத்தனை மீட்டர்ல, ராத்திரி கேட் பூட்டினா உள்ள யார் இருப்பாங்க, செப்டிக் டேங்க்ல காலி பண்ண விடுவாங்களா. சோலாப்பூர், விஜயபுரா கரிசல்ல ஒரு மழை பெஞ்சாலும் பின்சக்கரம் சுத்திக்கிட்டே கிடக்கும். சக்கரத்துக்கு அடியில போடற மாதிரி தடிமனான பலகை ரெண்டு, இழுக்கற பெல்ட் ஒண்ணு வெச்சுக்கங்க.

நொய்யல்கரை:
எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேனுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி பக்கத்துலயே ஒரு சோதனை ஓட்டம் போகலாம்னு நினைக்கிறேன். எங்க போகலாம்?

மாதம்பட்டிப் பந்தல்:
கம்பம் போங்க. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல், தேனி வழி. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சையைப் பந்தலுக்கு அடியில நின்னு பார்த்துட்டா, நாசிக் கம்பி வரிசையைப் பார்க்கும்போது வித்தியாசம் தானாப் புரியும். ஒரு ராத்திரி வெளிக் கரண்டோட, ஒரு ராத்திரி பேட்டரியில மட்டும்.

ஆசனூர் ஓட்டம்:
அப்படியே கம்பம் பக்கத்துக் கூடலூர் தாண்டிக் குமுளி மலையும் ஏத்துங்க. எஞ்சின் சூடு முள்ளைப் பாருங்க. இறங்கும்போது பாதியில ஓரங்கட்டி நாலு சக்கரத்துக்கிட்டயும் முகர்ந்து பாருங்க. ஏதாவது ஒண்ணுல மட்டும் கருகல் வாசம் வந்தா அந்தச் சக்கரத்து பிரேக் கேலிப்பர் விடாம பிடிச்சிருக்கு, ஊர் திரும்பினதும் முதல் வேலை அதுதான். டேங்க் முழுசா நிரப்பி, நாலு பேரும் ஏறி, சாமானெல்லாம் வெச்சு ஏத்துங்க. காலி வண்டியில பார்த்தா எதுவும் தெரியாது.